2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம்: 2007-ல் நடுவானில் ஒடிந்த எஃப்-15சி

2007 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநில வான் காவல் படையைச் சேர்ந்த ஓர் எஃப்-15சி போர் விமானம் பயிற்சியின்போது இரண்டாக ஒடிந்தது. விமானி உயிர் தப்பினார். அடுத்த மூன்றரை மாதங்களில் அமெரிக்க விமானப்படை தன் எஃப்-15 அணியை ஒருமுறை நிறுத்தியது, பறக்கவிட்டது, மறுபடி நிறுத்தியது, பிறகு சிறிது சிறிதாக விடுவித்தது. உடைந்த பாகத்தின் கதையைப் போலவே அந்த முடிவுகளின் வரிசையும் கவனிக்க வேண்டியது. விமானப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கும், பழைய இயந்திரங்களைப் பாதுகாப்பாக ஓட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

பின்னணி

1969 டிசம்பர் 22 அன்று நெவாடாவின் நெல்லிஸ் தளத்திலிருந்து கிளம்பிய ஓர் எஃப்-111 விமானத்தின் இறக்கை பறந்துகொண்டிருக்கும்போதே கழன்றது. அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த விமானம் மொத்தம் பறந்திருந்தது சுமார் 100 மணி நேரம்தான். இறக்கையைத் தாங்கும் எஃகுப் பாகத்தை வார்த்து அடிக்கும்போதே உண்டான ஒரு பிளவு, தொழிற்சாலைச் சோதனைகளில் யார் கண்ணிலும் படாமல் தப்பியிருந்தது. அதற்கு மறுநாள், டிசம்பர் 23-ல், எஃப்-15 விமானத்தை வடிவமைக்கும் ஒப்பந்தம் மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்துக்குக் கிடைத்த செய்தி வெளியானது.

இரண்டும் ஒன்றையொன்று தொடாத செய்திகள். ஆனால் நாம் பேசப்போகும் சிக்கல் அந்த ஒரு நாள் இடைவெளியில்தான் இருக்கிறது. அதுவரை விமானப்படை கடைப்பிடித்த கணக்கு எளிது: ஒரு முழு விமானத்தைத் தரையில் வைத்து வளைத்து நெளித்துப் பார், எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள், அதில் ஒரு பங்கை ஆயுளாக அறிவி. பாகம் குறையில்லாமல் பிறந்தது என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. எஃப்-111 அதைக் கேள்விக்குள்ளாக்கியது. 'பாகத்துக்குள் குறை ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொள், அது வளர்ந்து உடைக்கும் முன் எப்போது கண்டுபிடிப்பாய் என்று கணக்கிடு' என்ற புதிய அணுகுமுறை 1970-களின் நடுவில் விதியானது. எஃப்-15 அதற்குள் வரைபலகையைத் தாண்டிவிட்டது. முதல் பறப்பு 1972 ஜூலையில் நடந்தது. புதிய விதியின்படி அதன் உடலைப் பின்னாளில் ஆராய்ந்து, எங்கெல்லாம் விரிசல் வரக்கூடும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். காக்பிட்டை ஒட்டி ஓடும் மேல் லாஞ்சரான் (உடலின் நீளவாக்கில் ஓடும் தடித்த உலோகப் பட்டை) வழக்கமான சோதனைகளுக்கான இடமாகக் கருதப்படவில்லை. வரைபடத்தில் உள்ள தடிமனுக்கு அந்த இடத்தில் அழுத்தம் குறைவு. கணக்கில் பிழை இல்லை. கணக்குக்குக் கொடுத்த தடிமன்தான் உண்மையில் இல்லை.

எஃப்-15-க்கு முதலில் குறிக்கப்பட்ட ஆயுள் 4,000 மணி நேரம். சோதனைகளின் அடிப்படையில் அது பின்னர் 8,000 ஆனது. இந்த விமானம் சும்மா உடையாது என்ற பெயரும் கூடவே வளர்ந்தது. 1983-ல் இஸ்ரேலில் ஓர் எஃப்-15, பயிற்சியில் இன்னொரு விமானத்துடன் மோதி ஓர் இறக்கையை ஏறத்தாழ முழுவதுமாக இழந்த பிறகும் தரையிறங்கியது. அப்படிப்பட்ட விமானத்தின் முதுகெலும்பைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. நற்பெயரும் சில சமயம் ஒரு குருட்டுப் புள்ளிதான்.

லாஞ்சரான் செய்யும் வேலை

விமான உடல் என்பது வளையங்களும், அவற்றை நீளவாக்கில் கோக்கும் தடித்த கம்பிப்பட்டைகளும், மேலே போர்த்திய தோல் தகடும் சேர்ந்தது. நீளவாக்கில் ஓடும் அந்த முக்கியப் பட்டைக்குத்தான் லாஞ்சரான் என்று பெயர்.

எஃப்-15-ன் மூக்குப் பகுதியை, சுவரில் ஒரு முனை பதித்து வெளியே நீட்டிய உத்தரமாக நினைத்துக்கொள்ளலாம். சுவர், காற்று நுழைவாய்களும் இறக்கையும் இருக்கும் நடு உடல். வெளியே நீட்டியிருப்பது ரேடார், மின்னணுப் பெட்டிகள், காக்பிட், விமானி. விமானி கட்டுப்பாட்டுக் கட்டையை இழுத்து 7 ஜி வளைவில் நுழையும்போது ஒரு டன் எடையுள்ள பொருள் ஏழு டன்னாகக் கீழ்நோக்கி அழுத்தும். மூக்கு கீழே தொங்கப் பார்க்கும்; மேலே ஓடும் பட்டைகள் இழுபடும். சாதாரண இடத்தில் மேல் தோல் தகடும் இழுவையில் பங்கெடுக்கும். காக்பிட் இருக்கும் இடத்தில் மேலே தகடு இல்லை, கண்ணாடிக் கூரைக்காக வெட்டி எடுத்த ஒரு பெரிய ஓட்டைதான். ஆகவே வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு மேல் லாஞ்சரான்கள்தான் அங்கே பெரும்பாரத்தைச் சுமக்கின்றன. நேராகப் பறக்கும்போது தளர்வு, வளைவில் இழுவை, மறுபடி தளர்வு. ஒரே நாள் பயிற்சியில் இது பல முறை நடக்கும். உலோகச் சோர்வுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

நிகழ்வு

உடைந்த விமானம் 1980 நிதியாண்டு ஆர்டரில் வாங்கப்பட்டது, செயின்ட் லூயிஸில் செய்யப்பட்டது. 2007-ல் அது இருந்த படைப்பிரிவும் அதே செயின்ட் லூயிஸ் லாம்பர்ட் விமான நிலையத்தில்தான் இருந்தது. கால் நூற்றாண்டு பறந்துவிட்டு, பிறந்த ஊரிலேயே பணியில் இருந்த விமானம்.

அன்றைய பயிற்சி இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று எதிர்க்கும் நெருங்கிய வான்சண்டை. ஒருவர் துரத்த, இன்னொருவர் தப்ப வேண்டும். இடம் மாநிலத்தின் தென்பகுதியில், பாஸ் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டு மேடு. இப்படிப்பட்ட பயிற்சியில் 7, 8 ஜி என்பது அன்றாடம். எடை, வேகம், உயரம் ஆகியவற்றைப் பார்த்து எவ்வளவு ஜி இழுக்கலாம் என்று கணக்கிட்டு, எல்லை நெருங்கும்போது காதில் ஒலி எழுப்பும் கருவி எஃப்-15சி-யில் உண்டு. விமானி விதிமீறி எதையும் செய்யவில்லை என்பதைப் பின்னர் விசாரணை உறுதிசெய்தது.

சுமார் 450 நாட் (மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர்) வேகத்தில், வலப்பக்க வளைவில் 7.8 ஜி ஏறியபோது விமானம் பலமாக ஆடத் தொடங்கியது. முதலில் பக்கவாட்டில், பிறகு முன்னும் பின்னுமாக. விமானி உடனே 'நாக் இட் ஆஃப்' என்று வானொலியில் சொன்னார். பயிற்சியை எல்லாரும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும் என்பதற்கான சொல் அது. வளைவிலிருந்து வெளியே வந்து, சுமார் 18,000 அடி உயரத்தில் விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். ஜி விசை 1.5 அளவுக்கு இறங்கிவிட்டது. அதற்குச் சில நொடிகள் கழித்துத்தான் காக்பிட்டும் மூக்கும் ஒன்றாக, மீதி உடலிலிருந்து பிரிந்து போயின.

ஆபத்தான வளைவு முடிந்த பிறகுதான் விமானம் ஒடிந்தது என்பது முதலில் படிப்பவருக்குப் புதிராகத் தோன்றும். வரிசை இப்படி: வளைவின் உச்சத்தில் வல மேல் லாஞ்சரான் அறுந்தது. அது சுமந்த பாரம் இட லாஞ்சரான் மீதும், பக்கத் தகடுகள் மீதும், ஆணி வரிசைகள் மீதும் திடீரென்று ஏறியது. அவை எதுவும் அவ்வளவு பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. விமானி உணர்ந்த ஆட்டம், அவை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்ததன் விளைவு. 1.5 ஜி-யைக்கூடத் தாங்க அதற்குள் எதுவும் மிச்சமில்லை.

பிரியும்போது கண்ணாடிக் கூரை பிய்த்துக்கொண்டு விமானியின் இடப்பக்கத்தைத் தாக்கியது. இடது தோள் நழுவியது, கை நொறுங்கியது. அந்த நிலையிலும் அவர் இருக்கையை இயக்கி வெளியேறி, பாராசூட்டில் இறங்கினார். சிதைவுகள் காட்டில் விழுந்தன. தரையில் யாருக்கும் காயம் இல்லை.

விமானி உயிரோடு வந்தது அவருக்கு மட்டுமா நல்லது? ஆட்டம் எந்தத் திசையில் தொடங்கியது, எப்போது பிரிந்தது என்பதையெல்லாம் சொல்ல ஒரு சாட்சி கிடைத்தது. அவர் இறந்திருந்தால், அளவுக்கு மீறி இழுத்துவிட்டார் என்ற சந்தேகம் விசாரணையை எவ்வளவு காலம் சுற்றவிட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

முதல் தடையும் அவசரத் தளர்வும்

நவம்பர் 3 அன்று விமானப்படை எஃப்-15 அணி முழுவதற்கும் பறக்கத் தடை விதித்தது. போர்க்களத்தில் தவிர்க்க முடியாத பணிகளுக்கு மட்டும் விலக்கு. காரணம் தெரியாதபோது எல்லாவற்றையும் நிறுத்துவது சரியான முடிவு. மேற்கொண்டு ஜப்பானும் இஸ்ரேலும் தங்கள் எஃப்-15-களைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தன.

அடுத்த கேள்வி, எப்போது, யாரை விடுவிப்பது? எஃப்-15இ வகை விமானங்கள் அதே மாதத்தின் நடுவில் திரும்பின. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவற்றின் தேவை அதிகம். அவை வயதில் இளையவை, குண்டு சுமப்பதற்காக உடல் வலுவாக்கப்பட்டவை. திரும்பும் முன் ஒவ்வொன்றிலும் ஹைட்ராலிக் குழாய்கள், லாஞ்சரான்கள், காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள குளிர்சாதன அறையைச் சுற்றிய பட்டைகள், தகடுகள் ஆகியவற்றைப் பார்த்தார்கள். இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். ஹைட்ராலிக் குழாயும் லாஞ்சரானும் தோல் தகடும் ஒரே பட்டியலில் வருகின்றன என்றால், எது உடைந்தது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை என்று பொருள். விமானம் பிரிந்த பகுதி தெரியும். தொடங்கிய புள்ளி தெரியாது.

எஃப்-15இ-யைப் பொறுத்தவரை அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. கட்டமைப்பு வேறு, தேவையும் உடனடியானது. ஆனால் நவம்பர் 21 அன்று பழைய ஏ, பி, சி, டி வகைகளும் ஒரு முறைச் சோதனைக்குப் பிறகு பறக்கலாம் என்று அனுமதி வந்தது. இதுதான் இந்த நிகழ்வில் விவாதத்துக்குரிய முடிவு. உடைந்த விமானம் அதே வகை, அதே வயது. உடைந்த உலோகப் பரப்பின் ஆய்வக ஆய்வு இன்னும் முடியவில்லை. கண்ணால் பார்த்து விரிசல் இல்லை என்று சொன்னால் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முடிவெடுத்தவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. வான்காப்புக்கு விமானம் குறைந்துகொண்டே வந்தது. வாரக்கணக்கில் பறக்காத விமானி, கடினப் பயிற்சிக்குத் திரும்பும்போது அதுவும் ஓர் ஆபத்துதான். திறன் மழுங்குவது சிமுலேட்டரில் முழுமையாகத் தீராது. ஒரு ஆபத்தைத் தவிர்க்க இன்னொன்றை ஏற்கிறோம் என்ற தராசு உண்மையானது. ஆனால் அந்தத் தராசின் ஒரு தட்டில் என்ன எடை இருக்கிறது என்று தெரியாமலே அதைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நவம்பர் 28

ஒரு வாரம்தான் நீடித்தது அந்த அனுமதி. உடைந்த உலோகத்தின் ஆய்வும், தயாரிப்பு நிறுவனம் செய்த கணினிக் கணக்கும் ஒரே இடத்தைக் காட்டின: கண்ணாடிக் கூரையை ஒட்டிய மேல் லாஞ்சரான். அது அறுந்தால் மூக்கே பிரியும் என்பதும் கணக்கில் வந்தது. நவம்பர் 28-ல் ஏ முதல் டி வரையிலான வகைகள் மறுபடி தரையில் நிறுத்தப்பட்டன.

இடைப்பட்ட ஒரு வாரம் அசம்பாவிதம் இல்லாமல் கழிந்தது. அது முடிவு சரி என்பதற்குச் சான்று அல்ல, அதிர்ஷ்டம். ஜார்ஜியாவின் வார்னர் ராபின்ஸ் பணிமனையில் அந்தக் குறிப்பிட்ட இடத்தைத் திறந்து பார்த்தபோது முதலில் இரண்டு எஃப்-15சி-களில் விரிசல் தெரிந்தது. சோதனை விரிவடைய எண்ணிக்கை ஏறி, கடைசியில் ஒன்பதானது. ஒன்பது விமானங்கள், ஒவ்வொன்றும் நவம்பர் 2-ஐத் திரும்ப நிகழ்த்தக் காத்திருந்தவை.

அளந்தபோது தெரிந்தது

வரைபடத்தின்படி லாஞ்சரானின் அந்தப் பகுதித் தடிமன் 0.090 முதல் 0.110 அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 2.3 முதல் 2.8 மில்லிமீட்டர். ஒடிந்த விமானத்தின் லாஞ்சரானை அளந்தபோது கிடைத்தது 0.039 முதல் 0.073 அங்குலம். மிக மெல்லிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பரப்பும் வரைபடம் கேட்ட அளவுக்கு வழுவழுப்பாக இல்லை.

தடிமன் பாதியானால் அதே பாரத்துக்கு அழுத்தம் இரட்டிப்பாகும். ஆனால் சேதம் இரட்டிப்போடு நிற்காது. விரிசல் வளரும் வேகம் அழுத்தத்தின் மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கைப் பின்தொடரும் என்பது உலோகங்களுக்கான பொது விதி. அழுத்தம் இரண்டு மடங்கானால் விரிசல் எட்டு முதல் பதினாறு மடங்கு வேகத்தில் நீளும். கரடுமுரடான பரப்பில் உள்ள ஒவ்வொரு கீறலும் விரிசல் தொடங்க ஒரு வாசல். விமானத்தின் ஆயுளுக்கும் பல மடங்கு நீடித்திருக்க வேண்டிய பாகம், இந்த இரண்டும் சேர்ந்ததால் ஆயுளுக்குள்ளேயே அறுந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆரம்பக்காலத்தில் ஆயுளை நிர்ணயித்த தரைச் சோதனைகள் பொய் சொல்லவில்லை. சோதிக்கப்பட்ட உடல் வரைபடப்படி இருந்தால், அது வரைபடத்தின் ஆயுளைத்தான் சொல்லும். தொழிற்சாலையிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான விமானங்களில் ஒவ்வொன்றும் வரைபடப்படி இருக்கிறதா என்று அது சொல்லாது. பாகத்தைக் கடைந்து இழைத்தபோது தடிமன் எங்கோ போனது, தரச் சோதனையில் அது பிடிபடவில்லை. பிறகு ஆணி அடித்து, தகடு மூடி, பெயின்ட் பூசிய பின் 25 ஆண்டுகள் அதை அளக்க யாருக்கும் காரணம் இல்லை. படைப்பிரிவின் பராமரிப்பாளர்கள் கையேட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் செய்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. கையேட்டில் அந்த வரியே இல்லை.

சோதித்த முறை

ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: விரிசல் இருக்கிறதா, தடிமன் சரியா. இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

விரிசலுக்கு முதலில் பெயின்டையும் அடிப்பூச்சையும் வெற்று உலோகம் தெரியும் வரை அகற்ற வேண்டும். இதில்தான் பலரும் தவறுவார்கள். மணல்தாள் கொண்டு அழுத்தித் தேய்த்தால் மென்மையான உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். மேலே எதை ஊற்றினாலும் உள்ளே இறங்காது. 'விரிசல் இல்லை' என்று தாளில் ஏறிவிடும். அதனால் ரசாயனத்தால் உரிப்பது, தேய்த்திருந்தால் மேல்படலத்தை அமிலத்தால் லேசாக அரித்து வாயைத் திறப்பது என்ற வரிசை தேவை. பிறகு எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, ஒளிரும் ஊடுருவு திரவத்தைப் பூசி, அது உள்ளே இறங்க நேரம் கொடுக்க வேண்டும். மேலே நிற்பதைத் துடைக்கும்போது கரைப்பானை நேரடியாகப் பீய்ச்சக் கூடாது, விரிசலுக்குள் இருப்பதும் கழுவிக்கொண்டு போகும். கரைப்பானில் நனைத்த துணியால் ஒற்ற வேண்டும். கடைசியில் வெள்ளைப் பொடி தூவி, இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்தால் விரிசல் பச்சை மஞ்சள் கோடாக ஒளிரும்.

தடிமனுக்கு மீயொலி அளவி. பின்பக்கம் கை நுழையாத இடத்தில் இதைத் தவிர வேறு வழியில்லை. அதே உலோகத்தில் செய்த படிக்கட்டுத் தகட்டில் கருவியை முதலில் சரிபார்க்க வேண்டும். வேறு உலோகத்தில் சரிபார்த்தால் ஒலியின் வேகம் மாறி எண் தவறும். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனில் சாதாரண நுனி திணறும், இரண்டாம் எதிரொலியை முதலாக எண்ணி இரு மடங்கைக் காட்டவும் கூடும். மெல்லிய லாஞ்சரான் சரியானதாகத் தெரியும் அபாயம் அங்கேதான். ஒரே இடத்தில் அளந்து முடிப்பதும் ஆகாது. ஒடிந்த பாகத்திலேயே 1 மில்லிமீட்டரும் 1.8 மில்லிமீட்டரும் இருந்தன.

வானத்தை யார் காப்பது

அமெரிக்க நிலப்பரப்பின் வான்காப்பில் பெரும்பகுதியை மாநில வான் காவல் படைகளின் எஃப்-15-களும் எஃப்-16-களும் பகிர்ந்துகொண்டிருந்தன. எஃப்-15 நின்றதும் அண்டை மாநிலங்களின் எஃப்-16-கள் அதையும் சேர்த்துச் சுமந்தன. கலிஃபோர்னியாவின் விமானங்கள் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் வானையும் பார்த்துக்கொண்டன. அலாஸ்காவில் கனடா தன் போர் விமானங்களை அனுப்பி உதவியது. ஒரே வகை விமானத்தை நம்பி ஒரு பணியைக் கட்டினால், ஒரு மில்லிமீட்டர் உலோகம் அந்தப் பணியையே நிறுத்தும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் வாஷிங்டனில், எஃப்-15-க்கு மாற்றாக வந்த புதிய போர் விமானமான எஃப்-22-ஐ எத்தனை வாங்குவது என்ற சண்டை உச்சத்தில் இருந்தது. எஃப்-15-ன் எதிர்காலமே கேள்விக்குறி என்று வான் போர்க் கட்டளையின் (போர் விமானப் படைப்பிரிவுகளை நடத்தும் விமானப்படைத் தலைமையகம்) தலைவர் பேசியதைச் சிலர் பேரத்துக்கான வாதமாகப் பார்த்தார்கள். சந்தேகம் புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் அளவெடுத்த எண்கள் அரசியலுக்காக வந்தவை அல்ல.

ஜனவரி, பிப்ரவரி

2008 ஜனவரி 10-ல் விசாரணை அறிக்கை வெளியானது. காரணம் வரைபடத்துக்கு ஒவ்வாத வல மேல் லாஞ்சரான் என்று அது ஐயமின்றிச் சொன்னது. விமானி மீதோ பராமரிப்பாளர்கள் மீதோ தவறு இல்லை. அதே வாரத்தில், தடிமன் சரியாக இருந்த, விரிசல் இல்லாத விமானங்கள் விடுவிக்கப்பட்டன. அவை பழைய அணியில் ஏறத்தாழ 60 சதவீதம். மீதி 40 சதவீதத்தில் குறைந்தது ஒரு லாஞ்சரானாவது வரைபட அளவுக்குள் இல்லை.

இந்த 40 சதவீதம்தான் கதையின் கனமான எண். ஒரே விமானத்தில் நேர்ந்த கைத்தவறு என்றால் ஆயிரத்தில் ஒன்று என்று ஒதுக்கிவிடலாம். பத்தில் நான்கு என்றால், அந்தப் பாகத்தைச் செய்த முறையே அளவைக் காக்கவில்லை. எந்த விமானத்தில் எது மெல்லியது என்பதை ஒவ்வொன்றையும் திறந்து அளந்துதான் தெரிந்துகொள்ள முடிந்தது.

மெல்லியதாக இருந்தும் விரிசல் காணாத விமானங்களை என்ன செய்வது? லாஞ்சரானை மாற்றுவது கூரையைக் கழற்றி ஆணி மாற்றும் சின்ன வேலையல்ல. காக்பிட் பகுதியையே பிரித்துக் கோக்க வேண்டும். பிப்ரவரி 15 அன்று வான் போர்க் கட்டளை ஒரு நடுவழியை எடுத்தது. பொறியியல் ஆய்வில் தேறிய மெல்லிய விமானங்கள் பறக்கலாம், ஆனால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். 1969-ன் பாடம் இங்கே முறையாகப் பயன்பட்டது. குறை இருக்கிறது என்று தெரியும், அது எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கணக்கிடலாம், அதற்குமுன் பார்த்துவிட்டால் போதும். நவம்பர் 21-ன் அனுமதிக்கும் பிப்ரவரி 15-ன் அனுமதிக்கும் வேறுபாடு இதுதான். இரண்டிலும் குறையுள்ள விமானங்கள் பறந்தன. ஒன்றில் தெரியாமல், இன்னொன்றில் அளவு தெரிந்து.

மாற்றியிருக்க வேண்டியவை

நவம்பர் 21-ல் பழைய வகைகளை விடுவித்திருக்கக் கூடாது. உடைந்த உலோகப் பரப்பில் விரிசல் தொடங்கிய புள்ளியை நுண்ணோக்கியில் காணும் வரை, அதே வகை, அதே வயது விமானங்களுக்குத் தடை நீடித்திருக்க வேண்டும். எஃப்-15இ-யை முன்பே விடுவித்தது சரி. அந்தப் பிரிவினையை இன்னும் தெளிவாகச் செய்திருக்கலாம்.

அதற்கும் முன்பே செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய பழுதுபார்ப்புக்காக இந்த விமானங்கள் ஆறேழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணிமனைக்கு வந்து உரித்துப் பிரிக்கப்பட்டன. பெயின்ட் போன, தகடு கழன்ற அந்த வேளையில், பத்து விமானங்களுக்கு ஒன்றில் பெரும்பாரம் சுமக்கும் பாகங்களின் தடிமனை அளந்து குறித்திருந்தால், 40 சதவீதக் குறை அநேகமாக நாலைந்து அளவீடுகளுக்குள் வெளிப்பட்டிருக்கும். விரிசல் தேடும் சோதனை வேறு, அளவைச் சரிபார்க்கும் சோதனை வேறு. முதலாவதை விமானத்துறை பழக்கமாகச் செய்கிறது. இரண்டாவதை விமானம் தொழிற்சாலையை விட்டு வந்ததும் மறந்துவிடுகிறது. ஆயுளை 4,000-லிருந்து 8,000 மணி நேரமாக நீட்டிய கட்டத்திலாவது அதைக் கேட்டிருக்கலாம். நீட்டிப்புக்குக் கையெழுத்திடுபவர், ஓடும் விமானத்திலிருந்து எடுத்த அளவுத் தாளைக் கோரும் வழக்கம் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னர்

மிசூரிப் படைப்பிரிவு 2009-ல் எஃப்-15-ஐக் கைவிட்டு, வைட்மன் தளத்தில் பி-2 குண்டுவீச்சு விமானங்களுக்கு மாறியது. அந்த மாற்றம் விபத்துக்கு முன்பே முடிவானது. எஃப்-22 உற்பத்தி, படைக்குக் கேட்ட 381-க்கு மிகக் கீழே, 187-ல் நின்றது. விளைவாக, 2008-ல் சந்தேகத்துக்குள்ளான எஃப்-15சி-க்கள்தான் இன்னும் பல ஆண்டுகள் முன்வரிசையில் பறக்க நேர்ந்தது. ஜப்பானின் கடேனா தளத்திலிருந்து அவை படிப்படியாக வெளியேறத் தொடங்கியது 2022 டிசம்பரில்.

அவற்றின் இடத்துக்கென வந்த எஃப்-15இஎக்ஸ், 20,000 மணி நேர ஆயுள் என்ற அறிவிப்புடன் 2021 பிப்ரவரி 2 அன்று முதன்முறையாகப் பறந்தது. கிளம்பிய இடம் செயின்ட் லூயிஸ்.